செண்பகம் கடலுக்குப் போகும் நேரம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஊர் திரும்ப இன்னும் பதினெட்டு நாள். அயர்லாந்தில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். பாறை பார்த்தாயிற்று. கோட்டை பார்த்தாயிற்று. ஆடு தேவைக்கு மேல் பார்த்தாயிற்று. மகள் சங்கரிக்கும் மருமகன் பாலமுருகனுக்கும் லீவு தீர்ந்துவிட்டது. நாளை முதல் இருவரும் காரில் கால்வே நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தக் கடலோரச் சிற்றூரில் பகல் முழுவதும் நானும் செண்பகமும் மட்டும்தான்.

வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை குப்பைத் தொட்டி. கறுப்பு, பச்சை, பழுப்பு என்று மூன்று. எந்த வாரம் எது என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அட்டவணை இருந்தால் எனக்கு நிம்மதி. முப்பத்தாறு வருஷம் ரயில்வே, அதில் கடைசிப் பதினோரு வருஷம் கோவில்பட்டி ஸ்டேஷன் மாஸ்டர். அந்தப் பழக்கம் போகாது.

ஆகஸ்ட் 11, திங்கள்

செண்பகம் நடைக்குக் கிளம்பியது காலை 7.00. திரும்பியது 8.15. வந்து மூன்று தோசை சாப்பிட்டாள். கோவில்பட்டியில் அவள் கணக்கு ஒன்றரை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிளம்பியது 7.40. கறுப்புத் தொட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கிளம்பியது 8.25. எனக்கு இது பிடிபடவில்லை. ரயில் தாமதமாக வரும், அது சகஜம். ஆனால் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் தள்ளி வருகிற ரயிலை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஜூன் மாதத்திலிருந்தே சில நாள் காலையிலும் சில நாள் சாயங்காலத்திலுமாக நடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். நான் ஒன்பது மணி வரை தூங்கியதால் கவனிக்கவில்லை.

இன்று திரும்பி வந்தபோது தலை ஈரம்.

"என்ன, தல நனஞ்சிருக்கு?"

"தூறல்."

இந்த ஊரில் அதை மறுத்துப் பேச முடியாது. ஆனால் என் தலை காய்ந்திருந்தது, வாசலில் சிமென்ட் காய்ந்திருந்தது. அவள் சமையலறையில் ஏதோ மெட்டை முனகிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் முனகி நான் கேட்டதில்லை. அல்லது அந்த நேரமெல்லாம் நான் டியூட்டியில் இருந்தேன்.

மாலை தபால் நிலையத்துக்குப் போனேன். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கடல் எந்த நேரம் முழுதாக ஏறி நிற்கும் என்று தேதிவாரியாகப் போட்ட அட்டவணை. சும்மா படித்தேன். 11ஆம் தேதி, 12ஆம் தேதி, 13ஆம் தேதி. ஒவ்வொன்றும் செண்பகம் கிளம்பிய நேரத்துக்குச் சரியாக அரை மணி பின்னால். அரை மணி முன்பாகக் கிளம்பினால் சரியாகப் போய்ச் சேரலாம்.

கடல் ஏறி இறங்குவது நிலாவின் கணக்கு. என் மனைவி நிலாவைப் பார்த்து நடைக்குப் போகிறாள்!

ஆகஸ்ட் 14, வியாழன்

பின்தொடர்ந்தேன். இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் நடந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

9.10க்குக் கிளம்பினாள். நான் ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு நூறு அடி விட்டுப் போனேன். கடற்கரையில் இடுப்பு உயரக் கல்சுவர் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பெண்கள், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தண்ணீரில் இறங்கினார்கள். செண்பகத்தைக் காணோம். அவர்களுக்கு நடுவில் உருண்டையாகக் கறுப்பாக ஒன்று நீந்தியது. இந்தக் கடலில் நீர்நாய் உண்டு என்று பாலமுருகன் சொல்லியிருந்தார். அதுதான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நீர்நாய் மல்லாந்தது. மூக்கில் மூக்குத்தி மின்னியது.

உடம்பு முழுக்க ஒட்டிய கறுப்பு ரப்பர் உடுப்பு, தலையில் ரோஸ் நிறத் தொப்பி. சங்கரியின் கல்யாணத்தில் பட்டுப்புடவை கனக்கிறது என்று புலம்பியவள். தண்ணீர் மேல் கையை விரித்து அப்படியே கிடந்தாள். அவள் சமைத்துப் பார்த்திருக்கிறேன், துணி மடித்துப் பார்த்திருக்கிறேன், கேஸ் சிலிண்டர்காரனிடம் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் கிடந்து இன்றுதான் பார்க்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. வந்திருக்க வேண்டும். எதற்கும் எழுதி வைக்கிறேன்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் ரசம் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பால் வாங்கப் போனேன். பால் கடை எதிர்த்திசையில் இருக்கிறது.

சுவருக்குப் பின்னால் இருபது நிமிடம் இருந்திருப்பேன். அப்போது சின்னப் படகை இழுத்துக்கொண்டு கரையேறிய ஒரு ஆள் என்னிடம் வேகமாக ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதி போதும். பெரிய ஜெல்லி மீன்கள், ஆரஞ்சு நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலம், பாறை முனையைச் சுற்றிக் கூட்டமாக மிதந்து வருகின்றன. கொட்டினால் ஆஸ்பத்திரிதான்.

செண்பகமும் அந்தப் பெண்களும் அதே பாறை முனையைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து கத்தினேன். படகுக்காரரும் கத்தினார். காற்று எங்கள் பக்கமாக அடித்ததால் சத்தம் போகவில்லை. என் கையில் சங்கரியின் சிவப்புத் துணிப்பை இருந்தது. சுவர் மேல் ஏறி நின்று, அதை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேல் வீசினேன். வண்டியை நிறுத்து. ஆபத்து. நிறுத்து.

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் திரும்பக் கையசைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் எதற்கும் கையசைப்பார்கள். செண்பகம் மட்டும் ஒரு நொடி அசையாமல் நின்றாள். பிறகு தோழிகளைப் பார்த்து என்னவோ கத்தினாள். எல்லாரும் திரும்பினார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்தவள். சிவப்பு என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் கரையேறிப் பத்து நிமிடத்தில் அந்த இடத்தில் ஆரஞ்சு நிறமாக மிதந்தது. நான் எண்ணினேன். பதினேழு.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மேவ் என்று ஒரு அம்மாள். எழுபது வயது, முன்னாள் தபால்காரி. செண்பகத்துக்கு ஜூனிலிருந்து நீச்சல் சொல்லிக்கொடுத்தவர், ரப்பர் உடுப்பு கொடுத்தவர். பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொடுத்துவிட்டு, "நேற்று எதற்கு ஒளிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டார்.

"நேத்தே தெரியுமா?" என்று செண்பகத்திடம் கேட்டேன்.

"இந்த ஊர்ல மங்கி கேப் போட்டிருக்கது நீங்க ஒரு ஆளுதான்" என்றாள். ரசத்தைப் புகழ்ந்தபோது அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டுப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. டீ கீழே சிந்திவிட்டது.

வரும் வழியில் சொன்னாள்: "மருமகனுக்குத் தெரியக் கூடாது. இந்த ரப்பர் சட்டயில அவரு என்னயப் பாத்தா நான் எப்படி அவருக்குச் சோறு போடுவேன்?"

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

சங்கரியும் பாலமுருகனும் வீட்டில். நாங்கள் "நடை"க்குப் போனோம். ஈரத் துண்டை என் ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வயிறு ஜில்லென்று ஆகிவிட்டது.

"அப்பா, ஒரு வாரத்துல உங்களுக்குத் தொப்பை போட்டிருச்சே" என்றாள் சங்கரி. செண்பகம் அடுக்களைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடல் ஏறிய நேரம் மத்தியானம் 12.10. செண்பகம் கால் தரையில் படாமல் அறுபது கை வீச்சு. நேற்று நாற்பத்தெட்டு.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுபத்தொன்று! மேவ் அம்மாள் விசில் அடித்தார். நானும் முயன்றேன், காற்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பச்சைத் தொட்டி வைத்தேன். மற்றது எதுவும் சரியாக நடக்கவில்லை.

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இங்கே துறைமுக நீச்சல். வருஷா வருஷம் நடக்கிறதாம். படகு இறக்கும் சரிவிலிருந்து எதிர்ப் பக்க மேடை வரை, புதியவர்களுக்கு இருநூறு மீட்டர். கால் எட்டாத ஆழம். அதில் செண்பகம் பெயர் கொடுத்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"யாருக்குப் பதில் சொல்லணும்?"

குரலை உயர்த்தினேன். வயதைச் சொன்னேன். ஊர் போகப் பத்து நாள்கூட முழுதாக இல்லை என்றேன். உனக்கு எதற்கு இந்தக் கூத்து என்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. நிதானமாகப் பேசினாள்.

"நீங்க ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. வேலைக்குப் போறப்ப வீட்டுல இல்ல. இப்ப எந்நேரமும் இருக்கிய. செண்பகம், கண்ணாடி எங்க. செண்பகம், ஃபேன நிறுத்து. செண்பகம், யாரு போன்ல. ஒருநா உக்காந்து எண்ணுனேன். அறுபத்து மூணு தடவ கூப்பிட்டிய. வேணும்னு கூப்பிடல, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு என் பேரே புடிக்காமப் போச்சு. இங்க வந்து, தண்ணிக்குள்ள காது முங்குச்சு பாருங்க, அப்ப யாரு கூப்பிட்டாலும் கேக்கல. அதுக்குத்தான் போறேன். வேற கூத்து ஒண்ணும் இல்ல."

அறுபத்து மூன்று என்பது அதிகப்படி. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வருத்தம் இல்லை. மூக்குக் கண்ணாடியை நானே தேடி எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. பச்சைத் தொட்டியின் மூடி மேல் இருந்தது.

இன்று நான் கூப்பிட்டது: பூஜ்யம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை பத்து மணிக்குச் செண்பகம் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"நேத்துலேருந்து ஒரு தடவகூடக் கூப்பிடல. உங்கள எட்டி எட்டிப் பாத்தே எனக்கு ஒரு வேலயும் ஓடல."

"கூப்பிட்டாலும் குத்தம், கூப்பிடலன்னாலும் குத்தமா?"

"அறுபத்து மூணு வேண்டாம்னுதான் சொன்னேன். ஒரு அஞ்சாறு இருக்கலாம்."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

மத்தியானம் தனியாகத் துறைமுகத்துக்குப் போனேன். இருநூறு மீட்டர் எவ்வளவு என்று மேடை நெடுக நடந்து அளந்தேன். என் நடையில் இருநூற்று எழுபது அடி வைப்பு. செண்பகத்தின் கை வீச்சுக் கணக்கில் கிட்டத்தட்ட இருநூற்று முப்பது. அதிகபட்சம் அவள் செய்தது எழுபத்தொன்று. மேவ் அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருக்குத் தோள் வலியாம், இந்த வருஷம் நீந்தவில்லை, புதியவர்களுக்குத் துணையாகப் படகு ஓட்டுகிறார். அந்தப் படகில் எனக்கு இடம் உண்டா என்று கேட்டேன்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"படகு பழக்கமா?"

"ரயில்தான் பழக்கம்."

யோசித்துவிட்டு, வாருங்கள் என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். இரவுச் சாப்பாட்டில் செண்பகம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழம நான் துறைமுகத்துல நீந்தப் போறேன்" என்றாள்.

சங்கரி சப்பாத்தியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "அம்மா, நீயா? நீந்தவா? அப்பா சரின்னுட்டாங்களா?"

இந்த மூன்றில் எதற்கு அவள் அதிகம் திகைத்தாள் என்று தெரியவில்லை. பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆறு வருஷமா இந்தக் கடலுக்குப் பக்கத்துல இருக்கேன். ஒரு நாள்கூடக் கால் நனைக்கல. நீ வந்து ரெண்டு மாசத்துல நீச்சல் கத்துக்கிட்டியா!"

நான் மேவ் அம்மாளின் படகில் கூடப் போவதைச் சொன்னதும் பாலமுருகன் எழுந்து மாடிக்குப் போனார். செண்பகத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் நிற மிதவைச் சட்டை.

"அத்த, இது மாமாவுக்கு" என்றார். "உங்களப் பத்தி எனக்குக் கவல இல்ல. மாமாவ நினைச்சாத்தான் பயமா இருக்கு."

ஆகஸ்ட் 23, சனி

மழை. செண்பகம் காலையிலிருந்து நாலு முறை பாத்திரம் கழுவினாள். நான் அதே பாத்திரங்களை நாலு முறை துடைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

மாலை வெயில் நன்றாக அடித்தது. சரிவில் முப்பத்தொரு பேர். செண்பகம் ரப்பர் உடுப்போடு மருமகனுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். அவள் வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

விசில் ஊதியதும் எல்லாரும் போனார்கள். மேவ் அம்மாள் துடுப்புப் போட, நான் படகின் பின்பக்கம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஐம்பது மீட்டரில் எனக்குத் தலை சுற்றியது. அடுத்த ஐம்பதில் மத்தியானம் சாப்பிட்ட எல்லாவற்றையும் அட்லாண்டிக் கடலுக்குக் கொடுத்தேன். வாந்திக்கு நடுவிலும் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. எழுபத்திரண்டைத் தாண்டியதும் படகிலேயே எழுந்து நிற்கப் பார்த்தேன். மேவ் அம்மாள் துடுப்பால் முழங்காலில் தட்டி உட்கார வைத்தார்.

நூற்று இருபதில் செண்பகம் நின்றுவிட்டாள்.

மற்றவர்கள் எல்லாரும் முன்னே போய்விட்டிருந்தார்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினாள். ஒரு சின்ன அலை முகத்தில் அடித்தது, இருமினாள். பிறகு மெதுவாக மல்லாந்து கையை விரித்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள். கண் மூடியிருந்தது.

"இழுத்துக்கொள்ளலாமா?" என்று மேவ் அம்மாள் கேட்டார். படகில் கயிறு கட்டிய மிதவை இருந்தது. அதை என் கையில் கொடுத்தார்.

செண்பகம், போதும், வந்துவிடு என்று கத்த வாயைத் திறந்தேன். நெஞ்சு அடித்த அடியில் மிதவைச் சட்டையே ஆடியது. இதற்கு முன் எத்தனையோ ராத்திரி, வண்டியை விடலாமா நிறுத்தலாமா என்று தனியாக முடிவு செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் விதி என்று ஒன்று புத்தகத்தில் எழுதியிருந்தது. இதற்கு எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கள்" என்று மேவ் அம்மாளிடம் சொன்னேன். செண்பகத்தின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தேன். ஏறியது, இறங்கியது. வேகம் குறைந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னை. மிதவையைக் கையில் வைத்துக்கொண்டு, எறியாமல் உட்கார்ந்திருக்கிற என்னை. சிரித்தாள். புரண்டு படுத்துக் கையை வீசினாள்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. சத்தம் போட்டேன் என்று மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் போட்டேனா தமிழிலா என்று தெரியாது. மேடையில் சங்கரி குதித்தாள். பாலமுருகன் ஒரு முன்பின் தெரியாத தாத்தாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றாவதாக, எல்லாருக்கும் கடைசியாக, செண்பகம் மேடைப் படியைப் பிடித்தாள். முதலாவதாக வந்தவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

பல் கிடுகிடுக்க என்னிடம் வந்து, "எத்தன நிமிஷம்?" என்று கேட்டாள்.

முப்பத்தாறு வருஷம் ரயில்வே. கையில் வாட்ச். நேரம் பார்க்க மறந்துவிட்டேன்.

"தெரியல" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் அவளைக் கட்டிப் பிடித்தேன். ரப்பர் வழுக்கியது. இன்னொரு தரம் பிடித்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் வலி. அவளுக்கு நீந்தியதால். எனக்கு உட்கார்ந்திருந்ததால்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பெட்டி கட்டினோம். சங்கரி ஓட்ஸ் பாக்கெட் ஆறு வாங்கி வைத்திருக்கிறாள். கோவில்பட்டியில் கிடைக்காதா என்று கேட்டால், இது வேற ஓட்ஸ் என்கிறாள். குப்பை அட்டவணையைப் பாலமுருகனிடம் முறைப்படி ஒப்படைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்
டப்ளின் விமான நிலையம்

நேற்று எழுதவில்லை. பேனா பிடிக்க முடியாத அளவு விரல் விறைத்துவிட்டது. செண்பகம் பக்கத்து நாற்காலியில் சங்கரியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். கதவு திறக்க இன்னும் அரை மணி இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

கடைசி நாள் என்று நேற்றுக் காலை பிள்ளைகள் இருவரும் சம்பளமில்லா லீவு போட்டார்கள். ஏழரைக்குக் கடல் ஏறி நின்றது. நாலு பேரும் போனோம். சங்கரி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, குளிர் குளிர் என்று அலறினாள். பாலமுருகன் கணுக்கால் வரை வந்தார், அதற்கு மேல் வர மறுத்துவிட்டார். நான் அவருடைய அரைக்கால் சட்டையும் என் பனியனும் போட்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் இறங்கினேன்.

முழங்கால் வரை வலி. இடுப்பு வரை இன்னும் வலி. நெஞ்சைத் தொட்டதும் மூச்சு நின்றுவிட்டது, பேச்சு வரவில்லை. செண்பகம் எதிரே வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"வாய் வழியா மூச்ச விடுங்க. மெதுவா. ஒண்ணும் ஆகாது."

விட்டேன். வலி குறைந்து, தோலுக்கு அடியில் சூடாக ஏதோ ஓட ஆரம்பித்தது. கன்னியாகுமரியில்கூட நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றவன். கழுத்து வரை தண்ணீரில் நின்று, எதற்கென்று தெரியாமல் ஹா ஹா என்று சிரித்தேன். கரையில் சங்கரி, "அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்காவ" என்றாள் செண்பகம். பிறகு என்னிடம், "இப்ப காலத் தூக்குங்க" என்றாள்.

"தூக்கினா முங்கிருவேனே."

"முங்க மாட்டிய. தலயச் சாச்சுக்கிடுங்க. முதுகுக்குக் கீழ நான் கை குடுத்திருக்கேன்."

"உனக்குத் தாங்குமா? எண்பத்தாறு கிலோ."

"தண்ணிக்குள்ள கனம் தெரியாது."

பின்னந்தலை நனைந்தது. அவள் உள்ளங்கை என் முதுகில் பட்டது. அவள் இன்னும் ஏதோ சொன்னாள், உதடு அசைவது தெரிந்தது, எனக்குக் கேட்கவில்லை.

காலைத் தூக்கினேன்.